கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு சிறு நுகர்வோர் அமைப்பு நிதியுதவி பெறும் வழி

தக்கலையில் நாங்கள் கூடும் அறையின் மேசையில் 200 பக்க நீள நோட்டு ஒன்று இருக்கிறது. தேதி, புகார் சொன்னவரின் ஊர், வாங்கிய பொருள், கொடுத்த தொகை, யாருக்கு எழுதினோம், என்ன முடிந்தது என்று ஆறு கட்டங்கள் கோடு போட்டு வைத்திருக்கிறோம். தோவாளையில் மொத்தமாகப் பிச்சிப்பூ வாங்கியவருக்குக் கிலோவுக்கு 60 கிராம் குறைந்தது, கன்னியாகுமரிக் கடற்கரையில் 20 ரூபாய்த் தண்ணீர் பாட்டிலுக்கு 30 ரூபாய் வாங்கியது, எரிவாயு உருளையை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் ரசீதுக்கு மேல் பணம் கேட்டது எல்லாம் அதில்தான் இருக்கின்றன. நிதியுதவிக்கு விண்ணப்பிக்க வழி கேட்டு வரும் அமைப்புகளிடம் முதலில் இப்படி ஒரு பதிவேடு இருக்கிறதா என்றுதான் நாங்கள் கேட்கிறோம். பதிவேடு இல்லாத அமைப்பின் விண்ணப்பத்தில் "விழிப்புணர்வு ஏற்படுத்துவோம்" என்ற ஒரே வாக்கியம்தான் பல விதமாகத் திரும்பத் திரும்ப வரும். பதிவேடு உள்ள அமைப்பு, எந்தச் சந்தையில், எந்த மாதத்தில், எத்தனை பேர், எவ்வளவு இழந்தார்கள் என்று எழுத முடியும்.

நுகர்வோர் அமைப்புக்குப் பணம் தேவைப்படுவது வெட்கப்பட வேண்டிய செய்தி அல்ல. புகார் கொண்டு வருபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது, கிடைக்கும் இழப்பீட்டில் பங்கு கேட்கவே கூடாது என்பது இந்தப் பணியின் அடிப்படை ஒழுங்கு. ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் மகளிர் குழுவினரும் சொந்தக் கைப்பணத்தில் பேருந்து ஏறி நாகர்கோவிலுக்கு அலைந்து கொஞ்ச காலம் நடத்தலாம். ஆண்டுக்கணக்கில் நடத்த இயலாது. ஆனால் யாருடைய பணம், எந்த நிபந்தனையுடன் வருகிறது என்பதை அறியாமல் வாங்கினால், அந்தப் பணமே அமைப்பின் வாயை அடைத்துவிடும். இந்தக் கவலையை மனத்தில் வைத்துக்கொண்டே கீழே உள்ளவற்றைச் சொல்கிறேன்.

பதிவும் பெயரும்

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நடைமுறையிலுள்ள ஏதேனும் ஒரு சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற தன்னார்வ நுகர்வோர் சங்கத்தையும் "புகார்தாரர்" என்ற சொல்லுக்குள் சேர்த்திருக்கிறது. ஆகவே பதிவு என்பது நிதிக்காக மட்டும் செய்கிற சடங்கு அல்ல. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் அமைப்பின் பெயரிலேயே வழக்குத் தொடுக்கும் உரிமையும் அதில்தான் இருக்கிறது. சிறு அமைப்புகளுக்கு 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் ஏற்றது. குறைந்தது ஏழு பேர் சேர்ந்து, சங்க விவரக் குறிப்பையும் துணை விதிகளையும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்தால் பதிவு கிடைக்கும். துணை விதிகளில் மூன்று செய்திகள் தெளிவாக இருக்கட்டும்: நுகர்வோர் நலன் ஒரு முதன்மை நோக்கம், வருமானம் உறுப்பினர்களுக்குப் பங்கு பிரிக்கப்படாது, சங்கம் கலைந்தால் எஞ்சிய சொத்து இதே நோக்கமுடைய வேறு அமைப்புக்குப் போகும். பிந்தைய இரண்டும் இல்லையென்றால் வருமான வரிப் பதிவின்போது சிக்கல் வரும்.

எங்கள் முதல் விண்ணப்பம் திரும்பி வந்ததற்கு ஒரே ஒரு சொல்தான் காரணம். பதிவுச் சான்றில் "சங்கம்" என்று இருந்தது. வங்கிக் கணக்கிலும் ரப்பர் முத்திரையிலும் "இயக்கம்" என்று இருந்தது. யாரும் ஏமாற்றவில்லை, கவனிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் அந்த ஆண்டுக்கான வாய்ப்பு முழுவதும் கைநழுவியது. பதிவுச் சான்று, பான் அட்டை, வங்கிப் புத்தகம், கடிதத் தாள், முத்திரை ஆகிய ஐந்தையும் ஒரே மேசையில் பரப்பி, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழில் ஒற்று மிகுவதும் மிகாததும், ஆங்கில எழுத்துக்கூட்டல் ஓரிடத்தில் ஒருவிதமாக இருப்பதும்கூடப் பின்னால் கேள்வியாக வரும். அதேபோல் ஒவ்வோர் ஆண்டும் பொதுக்குழு நடத்தி, தணிக்கை செய்த கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் பதிவாளரிடம் தாக்கல் செய்திருக்க வேண்டும். நான்கு ஆண்டு நிலுவையை ஒரே நாளில் சரிசெய்ய முயலும் சங்கங்களைப் பார்த்திருக்கிறேன். நிதி அறிவிப்பு வெளியான பிறகு இந்த வேலையைத் தொடங்கினால் காலம் போதாது.

வருமான வரிச் சட்டத்தின்கீழ் அறநிலையப் பதிவு, நன்கொடையாளருக்கு விலக்கு தரும் பதிவு ஆகிய இரண்டும் வேண்டும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 12ஏபி, 80ஜி என்று அறியப்பட்டவை இவை. 2025ஆம் ஆண்டுப் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களையும் படிவங்களையும் உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு எழுதுங்கள். நுகர்வோர் பணி "பொதுமக்களுக்குப் பயன்படும் பிற நோக்கம்" என்ற வகையில் வருவதால், வணிகத் தன்மையுள்ள வரவு மொத்த வரவில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் இருக்கிறது. பயிற்சிக்குக் கட்டணம் வசூலிக்கும் அமைப்புகள் இதைக் கவனிக்க வேண்டும். மத்திய அரசு நிதி கேட்பதாக இருந்தால் தன்னார்வ அமைப்புகளுக்காக நிதி ஆயோக் நடத்தும் தர்பண் இணையதளத்தில் பதிந்து அடையாள எண்ணும் பெற்றுக்கொள்ளுங்கள்.

நுகர்வோர் நல நிதி

நமக்கென்றே ஏற்பட்ட நிதி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரு வணிகர் தாம் கூடுதலாகக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வரியை அவர் முன்பே விலையில் ஏற்றி வாங்கியவரிடம் வசூலித்துவிட்டிருந்தால், அதை அவருக்கே திருப்பிக் கொடுப்பது நியாயமாகாது. வாங்கிய ஆயிரக்கணக்கானவர்களைத் தேடிப் பிடித்துக் கொடுக்கவும் முடியாது. அந்தப் பணம் நுகர்வோர் நல நிதியில் சேர்கிறது. 1944ஆம் ஆண்டு மத்திய கலால் சட்டத்தில் 1991இல் செய்த திருத்தத்தின் வழியே தோன்றிய இந்த ஏற்பாடு, இப்போது 2017ஆம் ஆண்டு மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 57, 58ஆம் பிரிவுகளிலும், அதன் விதிகளில் 97ஆம் விதியிலும் இருக்கிறது. கடையில் நாம் கொடுத்த காசுதான் அங்கே திரண்டிருக்கிறது. ஆகவே கை ஏந்துகிறோம் என்ற கூச்சம் இல்லாமல் விண்ணப்பிக்கலாம்.

97ஆம் விதியைத் தமிழில் யாரையாவது விளக்கச் சொல்லி முழுவதும் கேளுங்கள். குறைந்தது மூன்று ஆண்டுகள் நுகர்வோர் நலப் பணியில் ஈடுபட்டு, ஏதேனும் ஒரு சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்கும் அமைப்பு விண்ணப்பிக்கலாம். சிற்றூர் அளவிலான நுகர்வோர் கூட்டுறவு அமைப்புகளும், குறிப்பாகப் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்துபவை, அதில் சொல்லப்பட்டிருக்கின்றன. பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணிக்காரப் பழங்குடியினர் குடியிருப்புகளில் பணியாற்றும் குழுக்கள் இந்த வாசகத்தைத் தவறவிடக் கூடாது. பலரும் அறியாத இன்னொன்றும் உண்டு. நுகர்வோர் வழக்கு நடத்தி முடித்த புகார்தாரர், தமக்கு ஆன சட்டச் செலவை ஈடுசெய்யக் கோரியும் இந்த நிதிக்கு விண்ணப்பிக்க முடியும். பதிவு பெற்ற சங்கமும் புகார்தாரர்தான் என்று மேலே சொன்னதை இங்கே நினைவில் கொள்ளுங்கள். வழக்கறிஞர் ரசீது, பயணச்சீட்டு, நகல் கட்டணம் ஆகியவற்றை வழக்கு வாரியாக ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

மூன்று ஆண்டுப் பணியை எப்படி மெய்ப்பிப்பது? பதிவுச் சான்றின் தேதி மட்டும் போதாது. புகார்ப் பதிவேடு, ஆணையத்தின் தீர்ப்பு நகல்கள், டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் நாளிலும் மார்ச் 15 உலக நுகர்வோர் உரிமை நாளிலும் நடத்திய கூட்டங்களின் அழைப்பிதழ், பள்ளிகளின் குடிமக்கள் நுகர்வோர் மன்றங்களில் பேசியதற்குத் தலைமையாசிரியர் தந்த கடிதம், ஆட்சியர் அலுவலகத்தில் நுகர்வோர் அமைப்புகளோடு நடக்கும் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பில் உங்கள் அமைப்பின் பெயர் வந்த பக்கம் ஆகிய யாவும் சான்றாகும். இக்கூட்டங்களுக்குத் தவறாமல் போய் வாருங்கள். எழுத்து மூலம் ஒரு மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வருவது வழக்கமாகட்டும்.

மாநில அளவில் நுகர்வோர் நல நிதியம் அமைக்க மத்திய அரசு 75 விழுக்காடும் மாநில அரசு 25 விழுக்காடும் தந்து முதலீட்டு நிதி உருவாக்கும் திட்டமும் இருக்கிறது. மாநிலத் துறை எப்போது விண்ணப்பம் கோருகிறது என்பதை நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வழங்கல் அலுவலரிடம் எழுதிக் கேளுங்கள். விண்ணப்பத்தில் உண்மைக்கு மாறான தகவல் இருந்தாலோ, பணம் வேறு வழியில் செலவானாலோ, தொகை முழுவதையும் வட்டியுடன் திருப்பிக் கேட்கும் அதிகாரம் 97ஆம் விதிப்படி இந்த நிதிக்கென அமைந்த குழுவுக்கு உண்டு. எனவே நடத்தாத கூட்டத்தை நடத்தியதாக எழுதும் எண்ணம் எவருக்கும் வேண்டாம்.

பிற நிதிகள்

துறை சார்ந்த ஒழுங்குமுறை அமைப்புகளிடமும் நிதி இருக்கிறது. உரிமை கோரப்படாத வங்கி வைப்புகளைக் கொண்டு 2014இல் ரிசர்வ் வங்கி அமைத்த வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதியம், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி முதலீட்டாளர்களுக்காக வைத்திருக்கும் நிதியம், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2007இல் உருவாக்கிய தொலைத்தொடர்பு நுகர்வோர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியம் ஆகியவை அவற்றுள் சில. டிராய் நுகர்வோர் அமைப்புகளைத் தன்னிடம் பதிவு செய்துகொள்கிறது. சீட்டு நிறுவனங்களிலும் அதிக வட்டி ஆசை காட்டும் நிதி நிறுவனங்களிலும் பணம் போட்டு ஏமாந்தவர்களின் புகார் உங்கள் பதிவேட்டில் நிறைய இருந்தால், முதலிரண்டு நிதியங்களும் உங்களுக்குப் பொருத்தமானவை. அவ்வாறு இல்லாமல், நிதி இருக்கிறது என்பதற்காகவே புதுத் துறைக்குத் தாவ வேண்டாம்.

சி.எஸ்.ஆர். எனப்படும் நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதியை இனிப் பார்ப்போம். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றுள் ஒன்றையேனும் எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நுகர்வோர் கல்வியும் விழிப்புணர்வும் கல்வி என்ற தலைப்பில் அடங்கும் என்று நிறுவன விவகார அமைச்சகம் 2014 ஜூன் 18 சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியிருந்தது; 2021இல் வந்த புதிய சுற்றறிக்கை அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. "இது எங்கள் பட்டியலில் இல்லையே" என்ற பதில் வராதிருக்க, விண்ணப்பத்தில் உங்கள் பணியைக் கல்வி என்ற தலைப்பின்கீழ் எழுதுங்கள். அமைப்பு தன் பங்குக்குச் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தைத் தாக்கல் செய்து எண் பெற்றிருக்க வேண்டும். வருமான வரிப் பதிவுகள் இரண்டும் மூன்று ஆண்டுப் பணி அனுபவமும் தேவை.

இங்குதான் நான் மிகவும் அஞ்சுவது. எவர் மீது புகார் வருகிறதோ, அவரிடமே பணம் வாங்கிவிட்டால் அந்தப் புகாரை எந்த முகத்தோடு எழுதுவது? பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டு நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள்: கடந்த இரண்டு ஆண்டுகளில் எந்த நிறுவனத்தின் மீது நம் பதிவேட்டில் புகார் இருக்கிறதோ அந்த நிறுவனத்திடமும் அதன் துணை நிறுவனங்களிடமும் நிதி பெறுவதில்லை. இரண்டு ஆண்டு என்று நாங்கள் வைத்ததற்குக் காரணம், நுகர்வோர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்ய அதே இரண்டு ஆண்டுதான் காலவரம்பு. மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து கனிமம் பிரிக்கும் ஆலை நடத்தும் பொதுத்துறை நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். போன்ற உள்ளூர் வாய்ப்பை அணுகும் முன்பும், மணல் எடுப்பதைப் பற்றி மாறுபட்ட கருத்துள்ள கடலோர ஊர்களின் உறுப்பினர்களைக் கலந்து, பொதுக்குழு முடிவோடு அணுகுவது நல்லது. நகைக்கடை, தனியார் மருத்துவமனை, வீட்டுமனை விற்பவர் ஆகியோர் விழா மேடைக்குப் பணம் தர முன்வருவார்கள். பதாகையில் அவர்கள் பெயர் ஏறிய மறுநாள் மக்கள் உங்களிடம் சொல்லும் புகார் குறைந்துவிடும்.

நம் மாவட்டத்துக்கே உரிய மற்றொரு வழி வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் நம்மவர்களின் நன்கொடை. இதில் ஒரு வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒருவர், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வழக்கமான வங்கி வழியில் அனுப்பும் தொகை வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை; அவருடைய கடவுச்சீட்டு நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அவர் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், தாய்மாமன் மகனே ஆனாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். அதைப் பெற 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும். அதற்கு மூன்று ஆண்டு இருப்பும், அந்த மூன்று ஆண்டுகளில் அமைப்பின் முதன்மைப் பணிக்கு 15 லட்சம் ரூபாய்ச் செலவும் காட்ட வேண்டும். பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் வந்து சேர வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நிதியை மற்றோர் அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டவும் கூடாது. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் புழங்கும் சங்கம் இந்தப் பக்கம் இப்போதைக்குப் போகாமல் இருப்பதே மேல்.

உள்ளூர் நன்கொடைக்கு 80ஜி விலக்கைப் பெரிதாகச் சொல்லி அழைக்க வேண்டாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் விலக்கு இல்லை, புதிய வரி முறையைத் தேர்ந்த சம்பளக்காரருக்கும் இல்லை.

திட்டம் எழுதுதல்

பதிவேட்டைத் திறந்து, ஓராண்டுப் புகார்களில் எது அதிகம் என்று எண்ணுங்கள். எடைக் குறைவுதான் என்றால் திட்டத்தை அதோடு நிறுத்துங்கள். கலப்படம், மின்கட்டணம், காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு ஊரையே திருத்தப் போவதாக எழுதாதீர்கள். "வடசேரி, திங்கள்சந்தை, மார்த்தாண்டம் ஆகிய மூன்று சந்தைகளில், 12 மாதங்கள், வாரம் ஒரு நாள் உதவி மேசை" என்று எழுதினால், படிப்பவர் கண்ணில் அந்த மேசை தெரியும். மேசையில் முத்திரையிட்ட தராசு ஒன்று இருக்கும். வாங்கியவர் தம் பொருளை அதில் மறுபடி நிறுத்துப் பார்ப்பார். குறைந்தால் அங்கேயே தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவுக்கு மனு எழுதப்படும். கடைக்காரரின் தராசைச் சோதிக்கும் அதிகாரம் அலுவலருக்குத்தான் இருக்கிறது, நமக்கு இல்லை என்பதையும் திட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். எல்லையை அறிந்தவர்கள் என்ற மதிப்பு அதனால் கூடும்.

தேன் போன்ற உணவுப்பொருளை எடுத்துக்கொண்டால் ஆய்வுக் கட்டணத்துக்கும் இடம் விடுங்கள். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளை ஆய்வுக்குத் தரலாம். ஆய்வுக்குக் கொடுக்கப் போவதாக வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். விதிமீறல் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேனின் பெயரில் சர்க்கரைப் பாகு விற்கப்பட்டால், அதனால் கெடுவது வாங்குபவர் மட்டுமல்ல, உண்மையாகப் பெட்டி வைத்துத் தேன் எடுப்பவரும்தான்.

செலவுக் கணக்கை மாதிரிக்குச் சொல்கிறேன். கள உதவியாளர் ஒருவருக்கு மாதம் 12,000 வீதம் 1,44,000. பயணம் மாதம் 3,000 வீதம் 36,000. துண்டறிக்கையும் பதிவேடுகளும் 25,000. பயிற்சிக் கூட்டம் பத்து, ஒவ்வொன்றுக்கும் 4,000 வீதம் 40,000. தணிக்கைக் கட்டணம் 10,000. ஆக 2,55,000 ரூபாய். தராசு நம்மிடமே இருந்தால் அதை நம் பங்களிப்பாகக் காட்டலாம். தன்னார்வலர்களின் உழைப்பையும் மணிக்கணக்கில் எழுதலாம். வட்டத் தொகையாக "இதர செலவு 50,000" என்று ஒரு வரி எழுதினால் அந்த வரியே மற்ற எல்லா வரிகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். தணிக்கைக் கட்டணத்தைப் பலர் மறந்துவிட்டுப் பிறகு கைப்பணம் போடுகிறார்கள். பயன் என்னும் பகுதியில் எத்தனை பேர் கூட்டத்துக்கு வந்தார்கள் என்பதை விட, எத்தனை புகார் தீர்ந்தது, எவ்வளவு பணம் திரும்பக் கிடைத்தது என்பதை அளவுகோலாக வையுங்கள்.

பணம் வந்த பின்

நிதிக்கெனத் தனிக் கணக்குப் புத்தகம் வையுங்கள். முடிந்தால் வங்கிக் கணக்கும் தனியாக இருக்கட்டும். ஒவ்வொரு செலவுச் சீட்டின் பின்புறமும் திட்டத்தின் எந்த வரிக்கான செலவு என்று பென்சிலால் குறித்து வைக்கும் பழக்கம், ஆண்டு முடிவில் ஒரு வாரத்து உழைப்பை மிச்சப்படுத்துகிறது. துண்டறிக்கைக்கு ஒதுக்கியதைப் பயணத்துக்குச் செலவிட நேர்ந்தால், செலவிடும் முன் எழுதி அனுமதி வாங்க வேண்டும். மத்திய அரசு நிதி என்றால், நிதியாண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். அது தராத அமைப்பு அடுத்த முறை கேட்கும்போது முதல் கேள்வியே அதுவாக இருக்கும். எஞ்சிய தொகையை வட்டியுடன் கணக்குக் காட்டித் திருப்பி அனுப்புங்கள்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணம் கேட்டு எழுதுங்கள். அரசு நிதியாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழும் கேட்கலாம். அனுப்பிய நாள், தபால் ரசீது எண், வந்த பதில், அதில் குறிப்பிட்ட குறை ஆகியவற்றைப் புகார்ப் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வருகிறோம். பொறுப்பாளர்கள் மாறும்போது சாவியோடு அந்த நோட்டும் கை மாறுகிறது.